வௌவால் டாக்டர் கண்டுபிடித்த புதிய இனம்

பேருந்து நிலையத்து அறிவிப்பாளரின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட பிறகும் அவருக்குச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, அது யாருக்காவது கேட்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்று நிலைய மேலாளர் சொன்னார். மேலாளருக்கு விதிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆகவே அறிவிப்பாளர் தினமும் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மைக்கைச் சோதிக்க வந்த மெக்கானிக் கருவியை வைத்துப் பார்த்ததில் முள் நன்றாகவே ஆடியது. குரல் இருக்கிறது, நல்ல குரல்தான், நமக்குத்தான் எட்டவில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் குரல் ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. ஒரு காலத்தில் ஊரிலேயே கனமான குரல் அதுதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் தேநீர்க் கடையில் கண்ணாடி டம்ளர்கள் அதிரும். வேறெங்கோ போக வந்தவர்கள்கூட அந்தக் குரலுக்கு மரியாதை கொடுத்து அவர் சொன்ன வண்டியில் ஏறிவிடுவது உண்டு. ஒரு கோடையில் குரல் கொஞ்சம் மெலிந்தது. ஜலதோஷம் என்றார்கள். அடுத்த வருஷம் அது பெண் குரலாயிற்று. பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறாரே என்று ஒரு சங்கம் மேலாளருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியது, மேலாளரும் மறுக்காமல் போய் உட்கார்ந்தார். அப்புறம் குழந்தைக் குரல், அப்புறம் விசில், அப்புறம் கொசு. கொசுவுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பது மனிதர்களின் கணக்கு. நிலையத்து நாய்களுக்கு எல்லாம் கேட்டது. ஒன்றாம் நடைமேடைக்கு வண்டி வரப்போகிறது என்று அவர் சொன்னதும் நாய்கள் எழுந்து சோம்பல் முறித்து ஒன்றாம் நடைமேடைக்குப் போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் வண்டி வரும். உள்ளூர்க்காரர்கள் ஒரே மாதத்தில் பழகிவிட்டார்கள். நாயைப் பார்த்து வண்டி ஏறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தவறான வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்களே.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய வீடு. வீட்டில் இருந்தது அவர் மனைவி, கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர், ஊர் வாயில் வௌவால் டாக்டர். டாக்டர் என்று நம்பி யாராவது காய்ச்சலோடு வந்தால் அவரை உட்காரவைத்து, வௌவாலின் உள்காதைப் படம் போட்டுக் காட்டி அனுப்பிவிடுவார். சிலருக்கு அதிலேயே காய்ச்சல் விட்டிருக்கிறது. வௌவால் கத்தும், அந்தக் கத்தல் சுவரில் பட்டுத் திரும்பும், திரும்பியதைக் கேட்டுத்தான் சுவர் எங்கே பூச்சி எங்கே என்று அதற்குத் தெரியும். ஒரே இருட்டில் நூறு வௌவால் கத்தினால் எது தன் கத்தல் என்று ஒரு வௌவால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு டாக்டர் தன் வாழ்க்கையில் நல்ல பகுதியைக் கொடுத்தார். பதில் எளிமையானதாக இருந்தது. பக்கத்தில் கத்துகிறவர்களால் தன் குரல் அமுங்கிப் போகிறது என்று தெரிந்ததும் வௌவால் தன் சுருதியை ஒரு நூல் மேலே ஏற்றிக்கொள்கிறது. அப்போதும் அமுங்கினால் இன்னொரு நூல். குரல் ஏற ஏறக் காதும் கூடவே ஏறிக்கொள்கிறது, அந்த உயரத்தில் வருவதுதான் அதற்கு நன்றாகக் கேட்கும். இந்தக் கண்டுபிடிப்புக்கு அவருக்கு வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டு வந்த செய்தியை அறிவிப்பாளர்தான் வாசித்துக் காட்டினார். டாக்டர் "ம்" என்றார்.

இந்த "ம்" பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் குளிர்சாதனம் பழுதானபோது வௌவால்கள் தற்காலிகமாக வீட்டுக்கு வந்தன. அதைச் சரிசெய்யும் கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் அவை குட்டி போட்டு, குட்டிகளும் குட்டி போட்டு, பின்னறை நிரந்தரமாக அவற்றுடையதாகிவிட்டது. சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, பகலில் இருட்டும் இரவில் வெளிச்சமும் வைத்து, பகல்தான் இரவு என்று வௌவால்களை நம்பவைத்திருந்தார் டாக்டர். அவற்றின் கத்தலைப் பதிவு செய்வதும் பகலில்தான் என்பதால் அந்த வீட்டில் பகலில் பாத்திரத்தைக் கீழே போடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, தும்முவதானால் தெருவுக்குப் போக வேண்டும். வௌவாலுக்கு உணவான புழுக்கள் ஒரு டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் பாலுக்குப் பக்கத்தில் குடியிருந்தன. புழுவுக்குத் தவிடு போடுவதும், கூண்டு துடைப்பதும், சமைப்பதும் அறிவிப்பாளர். டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருப்பார். கணவர் என்ன சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு அர்த்தம் கிடையாது, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தானாக ஆடுவது போன்றது. கேஸ் தீர்ந்துபோச்சு, ம். உங்க அக்கா ஃபோன் பண்ணினாங்க, ம். எனக்கு நெஞ்சு வலிக்குது, ம். அது வாயுவாக இருந்ததால் பிழைத்தார். ஒவ்வொரு "ம்"முக்கும் அறிவிப்பாளரின் குரல் ஒரு நூல் ஏறியது. அவர் வேண்டுமென்று ஏற்றவில்லை, தொண்டை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. டாக்டர் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கணவர் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்கிற தெம்பில்தான் அவ்வளவு நிம்மதியாக அவரைக் கவனிக்காமல் இருந்தார்.

பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருந்த நாத்தனாருக்கு, அதாவது அறிவிப்பாளரின் தங்கைக்கு, இதில் ஆரம்பத்திலிருந்தே ஆத்திரம். குரல் விசில் அளவுக்கு ஏறியிருந்த நாட்களில் ஒரு தடவை கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்று கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் பேசறது உங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்காம என்ன? கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

"இப்ப என்ன சொன்னாரு, சொல்லுங்க பார்ப்போம்."

டாக்டர் ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தி யோசித்தார். "எப்பவும் சொல்றதுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் முழுவதும் மறைந்த பிறகு டாக்டருக்கு வீடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்பல்லாம் எவ்வளவு அமைதியா இருக்கு, பதிவெல்லாம் சுத்தமா வருது என்று நாத்தனாரிடமே சொன்னார். நாத்தனார் மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. எழுதிக் காட்டியிருக்கலாமே என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். அறிவிப்பாளர் எழுதியும் காட்டினார். டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கல்லூரியில் நீட்டுகிற தாளில் எல்லாம் போட்டுப் போட்டு வந்த பழக்கம்.

அந்த அமைதியான வீட்டில்தான் டாக்டர் ஒரு புதிய வௌவாலைக் கண்டுபிடித்தார். கூடத்தில் பகல் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த பதிவுக் கருவி ஒலிகளைத் திரையில் கோடுகளாக வரைந்து காட்டும். வழக்கமான வௌவால்களின் கோடுகளுக்கு மேலே, இதுவரை யாரும் பார்க்காத உயரத்தில், தடிமனான ஒரு புதுக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மூன்று அலையாக, ஒருவிதக் கம்பீரத்தோடு ஆரம்பித்தது. அறிவிப்பாளர் அப்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சாதாரணமாகப் பேசினால்தானே யாரும் கேட்பதில்லை, நிலையத்தில் பேசுவது போல முறையாக அறிவித்தால் ஒருவேளை கேட்கும் என்று வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்திருந்தார். டாக்டருக்கு இது எங்கே தெரியும்? கோட்டை அளந்தார், மறுபடி அளந்தார், கட்டுரை எழுதினார். பதிவைப் பத்து மடங்கு மெதுவாக ஓடவிட்டால் எந்த வௌவாலின் கத்தலும் மனிதக் காதுக்குள் வந்துவிடும். முதல் வருஷ மாணவர்களுக்கு வேடிக்கை காட்ட அப்படிப் போடுவதுண்டு. ஆராய்ச்சியாளர்கள் போடுவதில்லை. படத்தைப் பார்த்தே எல்லாம் தெரிகிறபோது காதை எதற்கு வருத்த வேண்டும் என்று அந்தத் துறையில் ஒரு நினைப்பு. காதைப் பற்றி ஆராய்கிறவர்கள் காதால் எதையும் கேட்காமல் போனது இப்படித்தான்.

இந்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். வெளியூர்க்காரர், நாய்களைப் பார்க்கத் தெரியாதவர். வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போது ஏதோ ஒரு வண்டியில் ஏறி, நேர் எதிர்த் திசையில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்தே ஓர் உத்தரவு போட்டார். அறிவிப்பாளருக்குத் தூரத்துப் பணிமனை ஒன்றில் டயர் கிடங்கில் வேலை. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை, டயர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். மேலாளருக்கு அவரை விட மனமில்லை. காதும் குரலோடு ஏறிவிட்டதால் அறிவிப்பாளருக்கு இப்போது மனிதர் பேச்சு கேட்பதில்லை. அதனால், வீட்டுல கேளுங்க, அவங்க வேண்டாம்னு சொன்னா நான் பார்த்துக்கறேன் என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். அறிவிப்பாளர் வீட்டில் கேட்டார். டாக்டரின் தலை லேசாக ஆடியது, உதடு ஒட்டியிருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் அது "ம்" என்று தெரிந்தது. சரியாகக் கேட்டிருக்காது என்று சீட்டையே கொடுத்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "வீட்டம்மாவே கையெழுத்துப் போட்டுட்டாங்க, அப்புறம் நான் என்ன பண்றது," என்றார் மேலாளர். நான் போனால் கவலைப்பட ஒருத்தர்கூட இல்லை என்று அறிவிப்பாளருக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியது. மனிதர் கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறார். நாய்கள் எந்த நடைமேடைக்கும் போகாமல் கூண்டைச் சுற்றிப் படுத்திருந்ததை ஊரே பார்த்தது.

அவர் கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமையும், டாக்டர் புதிய இனத்தைப் பற்றிப் பேச வேண்டிய கருத்தரங்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. காலையில் அறிவிப்பாளர் டாக்டரின் உடைக்கு இஸ்திரி போட்டார், மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்தார், புழுக்களுக்கு ஒரு வாரத்துக்கான தவிடு போட்டார். இரும்புப் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தார். "பெட்டியை வெயில்ல காயவைக்கப் போறீங்களா? நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்.

கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், நம்ம ஊர் வௌவால் என்கிற பெருமை. டாக்டர் கோடுகளைக் காட்டி முடித்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு தவளை ஆராய்ச்சியாளர் எழுந்தார். சுருட்டை முடி, கால்சட்டையில் சேறு. தவளைக்காரர்களுக்கு எதையும் காதால் கேட்கும் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.

"இது எங்க இருக்குங்க?"

"எங்க வீட்டுல."

"நேர்ல பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல. ரொம்பக் கூச்ச சுபாவம்."

"எப்பக் கத்தும்?"

"காலைல தேநீர் நேரத்துல. சாயங்காலம் நான் செருப்பைக் கழட்டும்போது. ஞாயித்துக்கிழமைல கொஞ்சம் அதிகம்."

அரங்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன சாப்பிடும்?" என்றார் தவளைக்காரர். அது தெரியவில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். தவளைக்காரர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. இதைக் கொஞ்சம் மெதுவாப் போட்டுக் கேட்டுப் பார்த்தீங்களா?"

வேடிக்கைதானே என்று டாக்டர் பத்து மடங்கு மெதுவாகப் போட்டார். ஒலிபெருக்கி கரகரத்தது. மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. "வீட்டம்மாவின் கனிவான கவனத்திற்கு," என்றது வௌவால். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் எழுந்து பையைத் தேடினார்கள். பல வருஷமாகக் கேட்காமல் போன குரல், எப்போதும் போல நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. குளிர்பதனப் பெட்டியில் இரண்டாம் தட்டில் இருப்பது புழு, மூன்றாம் தட்டில் இருப்பதே சாப்பாடு. தங்களுடைய இடது செருப்பின் வார் தைத்து வைக்கப்பட்டுள்ளது. இன்று நமது திருமண நாள் என்பது பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. இந்தக் கடைசி அறிவிப்பு வருஷத்துக்கு ஒன்றாகப் பல தடவை வந்தது. பிறகு, தங்கள் கணவர் செல்லும் வண்டி வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லவும். பிறகு, அறிவிப்பாக இல்லாமல், சாதாரணமாக: "போகட்டுமாம்மா?" அதற்கு அடியில், லாரி ஒன்று நின்ற இடத்தில் உறுமுவது போல நீளமாக ஒரு சத்தம். அது என்ன மிருகம் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "அது நான்," என்றார் டாக்டர். மெதுவாக்கப்பட்ட "ம்" அப்படித்தான் இருந்தது.

கல்லூரி முதல்வர் எழுந்து, இன்னிக்கு என்ன கிழமை என்று கேட்டார். தவளைக்காரர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தார். குளத்து வாடை அடித்த அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது டாக்டர் வாய்விட்டு அழுதார் என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். தன்னைப் போல முட்டாள் உலகத்தில் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போக, தவளைக்காரர் அதை மறுக்காமல் வண்டியை விரட்டினார்.

மூன்றாம் நடைமேடையில் வண்டி பின்னுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த நாய்கள் நெருக்கியடித்து நின்றதால் பக்கத்தில் போக வழி இல்லை. அறிவிப்பாளர் அந்தப் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையைக் காட்டியும் பயனில்லை. டாக்டர் கத்தினார். அவருக்குக் கத்திப் பழக்கமே கிடையாது. பேராசிரியர் என்பதால் எங்கே பேசினாலும் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். முதல் தடவையாக அவர் பேசியது வேண்டிய ஆளுக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாகக் கத்தினார், கேட்கவில்லை. அப்போது, நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அவர் குரல் ஏற ஆரம்பித்தது. கணவரின் தொண்டை வருஷக்கணக்கில் செய்த வேலையை இவர் தொண்டை ஒரு பேருந்து திரும்புகிற நேரத்தில் செய்து முடித்தது. குழந்தைக் குரல் வந்தது, விசில் வந்தது, கொசு வந்தது, பிறகு வாய் மட்டும் அசைந்தது. நாய்கள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தன. தகரக் கூரைக்கு அடியில் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் கொத்தாக எழும்பிப் பறந்தன. வண்டிக்குள் அறிவிப்பாளர் தலையைத் திருப்பினார்.

டாக்டர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. நெடுநேரம் சொன்னார், அது மட்டும் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த நாய்கள் ஒரு கட்டத்தில் நாகரிகமாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டன. கண்டக்டர், அறிவிப்பாளர் இறங்கும் வரை பொறுத்திருந்து, அவர் பெட்டியைக் கீழே எடுத்துக் கொடுத்து, "ரைட்" என்றார். வண்டி போயிற்று. தவளைக்காரர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் வீட்டில் சேர்த்தார், அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

அதன் பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆள் இங்கிருந்து போய்விட்டார் என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார், ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்று டயர் கிடங்கிலிருந்து எழுதினார்கள், இரண்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் பழையபடி கூண்டுக்குள் உட்கார்ந்து அறிவித்துக்கொண்டிருந்தார். டாக்டரின் குரல் கீழே இறங்கவில்லை. அவரும் அதை இறக்க முயற்சி செய்யவில்லை. வகுப்பில் அவர் சத்தமில்லாமல் பாடம் நடத்துவதை மாணவர்கள் கவனிக்க ரொம்ப நாள் ஆயிற்று. கவனித்த பிறகும் யாரும் புகார் கொடுக்கவில்லை. புதிய இனம் என்று எழுதியது தவறு, அது என் கணவர் என்று கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு அவர் எழுதிப் போட்டார். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுப்பும் ஒலி கிடைத்தால் அனுப்பவும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

நாத்தனாருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி என்னமோ பேசுகிறார்கள், ஒரு சொல் காதில் விழுவதில்லை. ஒரு நாள் அவர்கள் வெளியே போயிருந்த சமயத்தில், தெருப் பெண்கள் வாசலில் காவல் நிற்க, உள்ளே புகுந்து பதிவுக் கருவியைப் பத்து மடங்கு மெதுவாக ஓடவிட்டுக் கேட்டாள். அங்கே கடையில் ஒரு ரவிக்கை பாதி வெட்டியபடி கிடந்தது. வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்னடி பேசிக்கிறாங்க?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"சண்டைதான்க்கா. காலைல எழுந்ததுலேருந்து ஒரே சண்டை. பால் பொங்கினதுக்கு ஒண்ணு, போர்வைக்கு ஒண்ணு. அண்ணன் ஒண்ணு சொன்னா அண்ணி ஒம்பது சொல்றாங்க, அண்ணனும் விடறதில்ல."

"ஐயோ பாவம்."

"பாவமா? எங்க அண்ணன் குரல்ல இருக்கிற குஷியைக் கேட்டிருந்தா நீங்க அப்படிச் சொல்லவே மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு நாத்தனார் ரவிக்கையை வெட்டப் போனாள். மற்றவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்கள். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்று தெரிந்ததும் சுவாரஸ்யம் குறைந்துவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.